தொட்டிலும் தொழிற்சாலையும்

எங்கள் பூட்டியார் ஒன்பது பிள்ளைகளைப் பெற்றவர். அவர்களுள் தங்கியவர் நால்வர். ஏனைய ஐவரைப் பற்றி வீட்டில் எவரும் பேசுவதில்லை. பாட்டியாரை வற்புறுத்திக் கேட்டால், "அதுகள் தங்கேல்லை, மோனை" என்று ஒரு சொல்லோடு பேச்சை முடித்துவிடுவார். அந்த ஐவருக்கும் பெயர் இட்டார்களா, என்ன நோயினால் அவர்கள் இறந்தார்கள் என்பதெல்லாம் இன்று எவருக்கும் தெரியாது. சின்னஞ்சிறு குழந்தை இறந்தால் தகனஞ் செய்யாது புதைப்பதே நம்மவர் வழக்கம். அதற்கு அந்தியேட்டி இல்லை. ஆண்டுத் திதியும் இல்லை. ஆதலின் அக்குழந்தை குடும்பத்தின் நினைவிலிருந்தும் மெல்ல மறைந்துவிடுகின்றது.

வரலாறும் இவ்விடயத்தில் நம் குடும்பங்களைப் போன்றதே. நாம் மிஷன் கல்லூரியொன்றிற் பயின்ற காலத்தில் இங்கிலாந்தின் கைத்தொழிற் புரட்சியை மிகுந்த ஊக்கத்தோடு கற்றோம். ஆர்க்ரைற்றின் நூற்பு யந்திரமும் ஜேம்ஸ் வாற்றின் நீராவிப் பொறியும் 1769ஆம் ஆண்டில் உரிமைப் பதிவு பெற்றன என்பதையும், லிவர்பூலுக்கும் மான்செஸ்ரருக்கும் இடையே 1830இற் புகையிரதம் ஓடியது என்பதையும் மனனஞ் செய்து புள்ளிகளும் பெற்றோம். அப்பாடநூலில் யந்திரங்களின் படங்கள் பல இருந்தன. அந்த யந்திரங்களை இயக்கியவர்களின் வீட்டுத் தொட்டில் ஒன்றேனும் எந்தப் பக்கத்திலும் இருக்கவில்லை. பின்னர்ப் பல்கலைக்கழக நூலகத்திலே அக்காலத்து அறிக்கைகளை ஆராயும் வாய்ப்புக் கிட்டியபோதுதான் அத்தொட்டில்களிற் பெரும்பகுதி வெறுமையாய்க் கிடந்ததை அறிந்தோம்.

அவை வெறுமையானது விதியினாலா? தாய்மாரின் அறியாமையினாலா? அன்றி மனிதர் தீர்க்கக்கூடிய வேறு காரணங்களினாலா? இக்கேள்விக்கு இங்கிலாந்தின் தொழிலாளர் வரலாறு தெளிவானதொரு விடை தருகின்றது. அவ்விடையை நம் சங்கத்துப் பெரியோர் முன்னும் இளைஞர் முன்னும் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எண்ணத் தொடங்கிய நாடு

இங்கிலாந்திலும் வேல்சிலும் பிறப்பு இறப்புக்களை அரசாங்கமே பதியும் முறை 1837ஆம் ஆண்டு யூலை மாதம் தொடங்கிற்று. அதற்கு முன் ஞானஸ்நானமும் அடக்கமும் மட்டுமே கோவிற் புத்தகங்களில் எழுதப்பட்டு வந்தன. புதிய பதிவுக் கந்தோரிலே வில்லியம் பார் என்னும் வைத்தியர் 1839 முதல் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் கடமையாற்றினார். அவர் ஏழைக் குடும்பத்திற் பிறந்தவர். இறந்தவர் எத்தனை பேர் என்று எண்ணுவதோடு அவர் நின்றாரல்லர். எந்த ஊரில், எந்த வயதில், எந்த நோயினால் இறந்தனர் என்று வகைப்படுத்தினார். பிறக்கும் ஆயிரம் குழந்தைகளுள் எத்தனை ஓராண்டு நிறையுமுன் இறக்கின்றன என்ற கணக்கு ஊர்களை ஒப்பிடும் அளவுகோலாயிற்று. ஓர் ஊரின் நலத்தை அறிய அதனிலும் நுண்ணிய கருவி பிறிதில்லை என்பர். குழந்தையின் உடல், ஊரின் நீரையும் காற்றையும் உணவையும் உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

எட்வின் சட்விக் என்பார் 1842இல் தொழிலாளரின் சுகாதார நிலை பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டார். அதிலுள்ள கணக்கொன்று அக்காலத்தாரைத் திடுக்கிடச் செய்தது. றட்லண்ட் என்னும் நாட்டுப்புற மாவட்டத்திலே கனவான்களின் குடும்பங்களில் இறந்தோரின் சராசரி வயது 52. தொழிலாளர் குடும்பங்களில் 38. மான்செஸ்ரரிலோ கனவான்களுக்கு 38, தொழிலாளருக்கு 17. லிவர்பூலில் தொழிலாளரின் சராசரி 15 மட்டுமே. நாட்டுப்புறத்துக் கூலியாளும் மான்செஸ்ரர்க் கனவானும் இறப்பின் சராசரியில் ஒரே தரத்தில் நின்றனர் என்பது நோக்கத்தக்கது.

தொழிலாளர் எல்லோரும் பதினேழு வயதில் இறந்தனர் என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. ஐம்பது அறுபது வயதுவரை வாழ்ந்தோரும் பலர் இருந்தனர். அவர்களோடு எண்ணிறந்த குழந்தைகளின் இறப்பைச் சேர்த்துப் பங்கிடும்போது அச்சராசரி பதினேழுக்கு இறங்குகின்றது. இளையோர் மிகுந்து வாழும் நகரத்திலே இறப்பின் சராசரி வயது இயல்பாகவே தாழ்ந்து தோன்றும் என்று இக்கணக்கு முறையைப் பிற்காலத்தார் குறை கூறியதுமுண்டு. எனினும் உண்மையின் திசை மாறவில்லை. மான்செஸ்ரர்த் தொழிலாளரின் குழந்தைகளுள் நூற்றுக்கு 57இற்கு மேற்பட்டவை ஐந்து வயது நிறையுமுன் இறந்தன என்றும், மேல்வகுப்பாரிடை அது நூற்றுக்கு 20 அளவே என்றும் பிரெடெறிக் ஏங்கெல்ஸ் 1845இல் வெளியிட்ட நூலில் எழுதினார்.

அக்காலத்து அரசி விக்ரோறியா மகாராணியார் ஒன்பது பிள்ளைகளைப் பெற்றார். ஒன்பது பேரும் வளர்ந்து பெரியவராயினர். மான்செஸ்ரரின் நெசவாலைத் தெருவில் ஒன்பது பெற்ற தாய்க்கு நால்வர் ஐந்தாம் வயதைக் கண்டிருந்தால் அதுவே வழமை. எங்கள் பூட்டியாரின் கணக்கும் அதுவேயன்றோ!

கொன்றவை எவை?

நூல் நூற்கும் ஆலைகளும் நிலக்கரிச் சுரங்கங்களும் பெருகிய ஊர்களில் வீடுகளோ குடிநீரோ அவ்வேகத்திற் பெருகவில்லை. முதலாளிமாரும் வீடு கட்டுவோரும் குறைந்த நிலத்திற் கூடிய குடும்பங்களை அடைக்க ஒரு வழி கண்டனர். ஒரு வீட்டின் பின்சுவரே மற்ற வீட்டின் பின்சுவராக, முதுகோடு முதுகு ஒட்டிய வரிசை வீடுகளைக் கட்டினர். அவற்றுக்குப் பின்வாயிலோ எதிர்ச் சாளரமோ இல்லை; ஆதலின் காற்றோட்டமும் இல்லை. பல வீடுகளுக்கு ஒரு குழாய். பல குடும்பங்களுக்கு ஒரு மலகூடம். வட இங்கிலாந்தின் நகரங்கள் பலவற்றில் வாளிக் கக்கூசும் சாம்பற் குழியும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம்வரை நிலைத்திருந்தன. தெருவிலே வண்டிக் குதிரைகளின் சாணம் குவிந்து கிடந்தது.

இச்சூழலிற் குழந்தைகளைக் கொள்ளைகொண்ட நோய்களுள் முதன்மையானது கோடைகால வயிற்றோட்டம். குளிர் நாடாகிய இங்கிலாந்திலே கோடை வருவது பெருமகிழ்ச்சிக்குரியது எனவே நாம் பாடநூல்களிற் படித்திருக்கிறோம். ஆனால் லெஸ்ரர், பிரெஸ்ரன் முதலிய ஊர்களின் தொழிலாளத் தாய்மாருக்கு யூலை, ஓகஸ்ற் மாதங்கள் அச்சந் தரும் மாதங்கள். எட்வேட் பலாட் என்ற அரசாங்க வைத்திய அதிகாரி பல்லாண்டுக் கணக்குகளை ஆராய்ந்து ஒரு புதுமையைக் கண்டார். நிலத்தின் நான்கடி ஆழத்திலே மண்ணின் வெப்பம் 56 பாகை பரனைற்றை எட்டியபின் வயிற்றோட்ட மரணங்கள் பெருகத் தொடங்கின. மண்ணிலிருந்து ஏதோ ஒன்று எழுகின்றது என அவர் கருதினார். அவர் கண்ட காலம் சரி, காரணம்தான் வேறு. வெப்பம் ஏறும்போது சாணத்திலும் மலக்குழியிலும் ஈக்கள் பெருகும். ஈக்கள் பாலில் மொய்க்கும். பாலிற் கிருமி பெருகும். பால் குழந்தையின் வயிற்றை அடையும். இச்சங்கிலியின் கண்ணிகள் பின்னரே ஒவ்வொன்றாய்த் தெளிவாயின.

பாலின் கதையும் தனியாகச் சொல்லத்தக்கது. நாட்டுப்புறத்திற் கறந்த பால் திறந்த தகரக் குடங்களிற் புகையிரதமேறி, பல கை மாறி, தண்ணீர் கலந்து, தெருவோரக் கடைக்கு வந்தது. அதனைக் காய்ச்ச விறகோ கரியோ வேண்டும்; குளிரவைக்க வழியில்லை. அதனால் ஏழைகள் தகரத்தில் அடைத்து விற்கப்பட்ட கொழுப்பு நீக்கிய கட்டிப் பாலை நாடினர். அது மலிவு, சீனி மிகுதி, கெட்டுப்போகாது. குழந்தை கொழுத்தது போலத் தோன்றும்; உள்ளே வலுவிராது. பாலூட்டும் போத்தலோ நீண்ட றப்பர்க் குழாயோடு விற்பனையாயிற்று. குழந்தையை ஒரு மூலையிற் கிடத்திக் குழாயை வாயில் வைத்துவிட்டால் அது தானே குடிக்கும். வேலைமிகுந்த தாய்க்கு அது வசதியாகத் தோன்றிற்று. ஆனால் அக்குழாயின் உட்புறத்தைக் கழுவ எந்தக் கையாலும் இயலாது. பிரான்சு தேசம் 1910இல் இத்தகைய போத்தலைச் சட்டத்தால் தடைசெய்தது.

அழும் குழந்தையை அடக்கவும் மருந்து இருந்தது. கொட்பிறியின் மருந்து முதலான பெயர்களில் அபின் கலந்த இனிப்புப் பாணிகள் மூலைக்கடைகளிற் சில பென்ஸ் காசுக்கு விற்கப்பட்டன. தாய் விடியுமுன் ஆலைக்குச் செல்வாள். குழந்தையை அயல்வீட்டுக் கிழவியிடமோ எட்டு வயது அக்காளிடமோ விட்டுச் செல்வாள். அவர்கள் ஒரு கரண்டி கொடுப்பார்கள், குழந்தை உறங்கும், பசி தெரியாது, பாலும் கேளாது. அவ்வாறு உறங்கி உறங்கியே மெலிந்து விழியாத குழந்தைகள் எத்தனையோ!

இவற்றோடு குக்கல் இருமல், சின்னமுத்து, நெஞ்சுச்சளி என்பனவும் நெருக்கமான வீடுகளில் ஒன்றன்பின் ஒன்றாக நுழைந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியிலே பெரியோரின் இறப்பு வீதம் குறைந்து வந்தது. குழந்தைகளின் வீதமோ ஆயிரத்துக்கு 150 அளவிலேயே அசையாது நின்றது. 1899ஆம் ஆண்டில் அது 163 ஆயிற்று. உலகின் செல்வம் மிகுந்த நாடு, தான் பெற்ற ஆறு குழந்தைகளுள் ஒன்றை ஓராண்டுக்குள் இழந்து கொண்டிருந்தது.

குற்றஞ் சாட்டப்பட்டவள்

இத்துயரை விளக்க அக்காலத்து அறிஞருட் பலர் கை நீட்டிய இடம் தாயினிடமே. அவள் அறிவிலி, அழுக்குடையவள், ஆலைக்குச் செல்லும் பேராசையினாற் குழந்தையைக் கைவிட்டவள். இவ்வாறு எழுதியோர் எல்லோரும் கெட்டவர்களல்லர். பின்னாளில் நாட்டின் தலைமை வைத்திய அதிகாரியான ஜோர்ஜ் நியூமன் 1906இல் குழந்தை மரணத்தைச் சமூகப் பிரச்சினை என்று பெயரிட்டே நூல் எழுதியவர். அவரும் தாய்மையின் குறைபாட்டையே பெரிதாக எடுத்துரைத்தார்.

இக்கட்சிக்குச் சான்று இல்லாமலில்லை. அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தினால் 1861 முதல் 1865 வரை பருத்தி வரவு தடைப்பட்டு இலங்காசயர் ஆலைகள் மூடப்பட்டன. வேலையும் கூலியும் இல்லை. ஆயினும் ஆலையூர்கள் சிலவற்றிற் குழந்தை மரணம் குறைந்தது எனக் கண்டவர் எழுதினர். தாய் வீட்டிலிருந்தாள், தன் பாலையே ஊட்டினாள், ஆதலாற் பட்டினியிடையும் குழந்தை பிழைத்தது என்பது அவர்கள் கூறிய விளக்கம். தாய்ப்பாலின் பெருமைக்கு இது நல்ல சான்று. ஆனால் தாயைக் குற்றவாளியாக்க இது போதுமா? 1891ஆம் ஆண்டுச் சட்டம், பிள்ளை பெற்ற பெண்ணை நான்கு வாரத்துக்கு ஆலையில் வேலைக்கு அமர்த்தலாகாது என்றது. அந்நான்கு வாரக் கூலிக்கு அச்சட்டத்தில் வழியில்லை. வீட்டிலிரு என்று கட்டளையிட்டவர்கள், எதனை உண்டு வீட்டிலிருப்பது என்பதைச் சொல்ல மறந்தனர்.

இவ்வழக்குக்குத் தீர்ப்புச் சொன்னது 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பு. அதிலே மணமான பெண்கள் பெற்ற பிள்ளைகளும் இழந்த பிள்ளைகளும் தந்தையின் தொழில்வாரியாகக் கணக்கிடப்பட்டன. மேல்வகுப்பார் குடும்பங்களிற் பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் 76 ஓராண்டுக்குள் இறந்தன. பயிற்சியற்ற கூலியாளர் குடும்பங்களில் 153. நெசவுத் தொழிலாளர் குடும்பங்களில் 148. சுரங்கத் தொழிலாளர் குடும்பங்களில் 160. வயற்கூலிகளின் குடும்பங்களில் 97.

இவ்வெண்களை நம் வாசகர்கள் சற்று நின்று நோக்கவேண்டும். சுரங்கத் தொழிலாளரின் மனைவிமார் பெரும்பாலும் வெளிவேலைக்குச் செல்லாதவர்கள். வீட்டிலிருந்தே குழந்தை வளர்த்தவர்கள். ஆயினும் அவர்களே அதிகம் இழந்தனர். ஆகவே ஆலைக்குச் சென்ற தாயே காரணம் என்ற கட்சி தளர்கின்றது. வயற்கூலியின் சம்பளம் சுரங்கத் தொழிலாளியின் சம்பளத்தினும் குறைந்தது. ஆயினும் வயற்புறத்துக் குழந்தை அதிகம் பிழைத்தது. ஆகவே கூலியின் அளவு மட்டுமே காரணம் என்ற கட்சியும் தளர்கின்றது. எஞ்சுவது யாது? பிறந்த இடம். நெருக்கமான வரிசை வீடு, மலகூடம் இல்லாத தெரு, சுத்தமில்லாத நீர், ஈ மொய்த்த பால். இவற்றிலிருந்து விலகி வாழ வயற்கூலிக்கு இயற்கை உதவியது. கனவானுக்குப் பணம் உதவியது. நகரத்துத் தொழிலாளிக்கு இரண்டும் உதவவில்லை.

ஏழைத் தாயின் மேல் இதனினும் கொடிய ஐயமொன்றும் இருந்தது. தொழிலாளர் தம் பிள்ளைகளின் பெயரால் அடக்கச் செலவுக்கான சகாய நிதிகளிற் காசு கட்டி வந்தனர். அப்பணத்துக்காகவே குழந்தைகளைச் சாகவிடுகின்றனர் என்று பத்திரிகைகளும் பாராளுமன்றமும் பேசின. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையின் இறப்புக்கு ஆறு பவுணுக்கு மேற் கொடுபடலாகாது என 1875இற் சட்டமும் இயற்றப்பட்டது. கொடியவர் சிலர் இருந்திருப்பர். ஆனால் பெரும்பான்மையோரின் மனம் எத்தகையது? இலண்டனின் லம்பெத் பகுதியிலே வாரம் ஏறக்குறைய ஒரு பவுண் சம்பளத்தில் வாழ்ந்த குடும்பங்களின் வரவுசெலவை மோட் பெம்பர் றீவ்ஸ் அம்மையாரும் அவர்தம் தோழியரும் வீடு வீடாகச் சென்று ஆராய்ந்து 1913இல் நூலாக்கினர். பசித்த வாரத்திலும் அத்தாய்மார் பிள்ளைக்கொரு பென்ஸ் வீதம் அடக்க நிதிக்குக் கட்டினர். குழந்தை இறந்து, அடக்கஞ் செய்யப் பணமில்லாது, அநாதைக் குழியில் அது இடப்படுமானால் அதனை அவர்களால் ஆயுள் முழுதும் தாங்க முடியாது. உயிரோடு ஊட்ட முடியாத பிள்ளைக்கு இறந்த பின்னாயினும் மதிப்பு வேண்டும் என்ற தாயின் மனத்தை எவர் பழிப்பர்?

அத்தாய்மார் 1915இல் தம் வாயாலேயே பேசினர். பெண்கள் கூட்டுறவுக் கழகம், தொழிலாளர் மனைவியர் எழுதிய 160 கடிதங்களைத் திரட்டி வெளியிட்டது. கருவுற்ற காலத்திலும் பாரமான சலவையும் சுமையும் தாங்கியமை, பிள்ளைபெற்ற சின்னாட்களிலேயே எழுந்து வேலை செய்தமை, கணவனும் பிள்ளைகளும் உண்டபின் எஞ்சியதைத் தாம் உண்டமை என்பவற்றை அவர்கள் மறைக்காது எழுதினர். அறியாமை என்று மேலோர் அழைத்தது பெரும்பாலும் ஓய்வின்மையும் உணவின்மையுமே என்பதை அக்கடிதங்கள் காட்டின.

விழித்தது எவ்வாறு?

நாடு விழித்ததற்குக் காரணம் கருணை மட்டுமன்று. தென்னாபிரிக்காவில் 1899 முதல் 1902 வரை நடந்த போவர் யுத்தத்துக்குப் படைசேர வந்த தொழிலாள இளைஞருட் பெருந்தொகையினர் உடற்றகுதியின்றித் தள்ளப்பட்டனர். நாளைய போர்வீரர் எங்கிருந்து வருவர் என்ற கவலை அரசாங்கத்தைப் பிடித்தது. 1904இல் விசாரணைக் குழுவொன்று அறிக்கை சமர்ப்பித்தது. தொட்டிலின்மேல் இரங்காத அரசு துப்பாக்கியை எண்ணி இரங்கிற்று என்று நாம் சொன்னால் அது மிகையாகாது.

எனினும் அதற்கு முன்னரே ஊர்தோறும் நல்லுள்ளங்கள் உழைத்திருந்தன. மான்செஸ்ரரிலும் சல்போர்ட்டிலும் மாதர் சங்கமொன்று 1862 முதல், தொழிலாளப் பெண்களையே சம்பளம் கொடுத்து அமர்த்தி, வீடு வீடாகச் சென்று தாய்மாருக்குத் துணைபுரியச் செய்தது. சென் ஹெலன்ஸ் என்னும் ஊர் 1899இற் குழந்தைகளுக்குச் சுத்திசெய்த பாலை மலிவாக விற்கும் நிலையத்தைத் திறந்தது. ஹடர்ஸ்பீல்டின் நகரபிதா பெஞ்சமின் புறோட்பென்ற் 1904இல் ஒரு புதுமை செய்தார். தம் பகுதியிற் பிறக்கும் ஒவ்வொரு குழந்தையும் முதலாண்டு நிறைவைக் காணுமானால் ஒரு பவுண் பரிசளிப்பதாக வாக்களித்தார். பிறப்பை உடனே அறிவித்தல், பெண் உத்தியோகத்தர் நேரிற் சென்று பார்த்தல், ஆலோசனை கூறல் என ஓர் ஒழுங்கையும் ஏற்படுத்தினார். அவ்வாண்டில் அப்பகுதியின் குழந்தை மரணம் முன்னைய வீதத்தினும் மிகவும் தாழ்ந்தது. ஒரு பவுண் குழந்தையைக் காக்கவில்லை. "உன் குழந்தை ஊருக்கு வேண்டியது" என்று ஒருவர் வந்து வாயிலிற் சொன்னதே காத்தது என்று நாம் கருதுகிறோம்.

ஊர்கள் செய்தவற்றைச் சட்டங்கள் பின்தொடர்ந்தன. மருத்துவிச்சிமாரின் பயிற்சிக்கு 1902இலும், பிறப்பை உடனறிவித்தற்கு 1907இலும் சட்டங்கள் வந்தன. முதுகொட்டிய வரிசை வீடுகளைப் புதிதாகக் கட்டுவது 1909இல் தடுக்கப்பட்டது. 1911ஆம் ஆண்டுத் தேசிய காப்புறுதிச் சட்டம் பிள்ளைப்பேற்றுக்கு 30 சிலிங் உதவியளித்தது. முதலில் அது கணவன் கைக்கே சென்றது. மேற்சொன்ன பெண்கள் கழகம் போராடி 1913இல் அதனைத் தாயின் உரிமையாக்கியது. 1918இல் தாய் சேய் நலச் சட்டம் வந்தது. இறந்து பிறந்த குழந்தைகளையும் 1927 முதற் பதியத் தொடங்கினர். அதுவரை அவை கணக்கிலேயே இருக்கவில்லை.

பயன் என்ன? 1899இல் 163 ஆக இருந்த குழந்தை மரண வீதம் 1921இல் 83 ஆயிற்று. 1930இல் 60 ஆயிற்று. அப்பொழுது பெனிசிலின் நடைமுறைக்கு வரவில்லை. கழிகால், குழாய் நீர், சுத்தமான பால், குறைந்த பிள்ளைப்பேறு, சிறிது கூடிய கூலி, வீடு தேடிவந்த தாதி ஆகியவையே அவ்வேலையைச் செய்தன. இவற்றுள் எதற்கு எவ்வளவு பங்கு என்று வரலாற்றாசிரியர் இன்றும் வாதிடுவர். இவையனைத்தும் மனிதர் செய்தவை என்பதில் வாதமில்லை.

நமக்கும் ஒரு தொடர்பு

இங்கிலாந்தின் கதை நமக்கெதற்கு என்று கேட்போர் இருக்கலாம். லம்பெத்துத் தாய் தன் பாணோடு குடித்த தேநீரை நினைத்துப் பாருங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக்குள் இங்கிலாந்தின் தொழிலாளர் கோப்பைகளிற் சீனத் தேயிலையின் இடத்தை இந்தியத் தேயிலையும் இலங்கைத் தேயிலையும் பிடித்துக்கொண்டன. அத்தேயிலையைக் கொய்தவள் நம் மலைநாட்டுத் தமிழ்த் தாய். அவளும் விடியுமுன் எழுந்து, குழந்தையைப் பிள்ளைக்காம்பராவிலோ கிழவியொருத்தியின் கையிலோ விட்டு மலை ஏறினாள். அவள் குடியிருந்த லயன்களும் பலவிடங்களில் முதுகோடு முதுகு ஒட்டியவையே. இங்கிலாந்து தன் நகரங்களிற் புதிதாகக் கட்டலாகாது என விலக்கிய வீட்டு முறை நம் தோட்டங்களில் நெடுங்காலம் நிலைத்தது.

இலங்கையில் மலேரியா கொள்ளைகொண்ட 1935ஆம் ஆண்டிற் பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் 263 ஓராண்டுக்குள் மாண்டன. களுத்துறையில் 1926இல் தொடங்கிய சுகாதாரப் பகுதி முறையும், ஊர்தோறும் நடந்த மருத்துவிச்சியும், இலவச ஆஸ்பத்திரியும், கல்வி பெற்ற தாய்மாரும் அவ்வெண்ணைக் கீழிறக்கினர். 1946இல் 141 ஆக இருந்தது 1960இல் 57 ஆயிற்று. இந்நூற்றாண்டிலே அது பத்துக்கும் கீழே இறங்கியது. ஏழை நாடொன்று இவ்வளவு செய்ததைக் கண்டு உலகம் வியந்தது, நாமும் பெருமைப்படுகிறோம்.

ஆனால் அப்பெருமையுள் ஒரு வடு உண்டு. தோட்டங்களின் எண் நெடுங்காலம் நாட்டின் எண்ணிலும் உயர்ந்தே நின்றது. பஞ்சம் வாட்டிய 1974ஆம் ஆண்டில் தோட்டப் பகுதிகளின் குழந்தை மரணம் ஆயிரத்துக்கு நூறையும் தாண்டிற்று. அக்காலத்து நாட்டு வீதம் ஏறக்குறைய ஐம்பது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தினால் அம்மக்களிற் பெரும்பாலோர் நாட்டின் குடிகளாகவே எண்ணப்படவில்லை என்பதை இவ்வெண்ணோடு சேர்த்துப் படிக்கவேண்டும். பின்னர் அங்கும் மருத்துவிச்சியும் மருந்தும் நீரும் சென்றன, மரணம் குறைந்தது, இடைவெளியும் சுருங்கிற்று. எவரை நாம் எண்ணுகிறோமோ அவரையே காக்கிறோம் என்பதற்கு மான்செஸ்ரரும் சான்று, மலைநாடும் சான்று. அக்காலத்தில் யாழ்ப்பாணத்தவராகிய நாம் அவர்களை எண்ணினோமா என்ற கேள்விக்கு விடை சொல்ல நாணுகிறோம்.

முடிவுரை

"எல்லாம் வினைப்பயன்" என்று நம் பெரியோர் ஆறுதல் கூறுவர். இங்கிலாந்தின் குருமாரும் தேவசித்தம் என்று அவ்வாறே கூறினர். துயருற்ற தாய்க்கு அச்சொல் மருந்தாகலாம். அதனை நாம் பறிக்க விரும்பவில்லை. ஆனால் சைவ சித்தாந்தம் முன்வினையாகிய பிராரத்தத்தோடு நிற்கவில்லை. இப்பிறவியில் நாம் புதிதாக ஈட்டும் ஆகாமியத்தையும் கூறுகின்றது. கழிகால் வெட்டாத ஊராரின் வினையை, பாலில் நீர் கலந்தவனின் வினையை, காற்றில்லா வீடு கட்டி வாடகை வாங்கியவனின் வினையை, அவ்வீட்டிற் பிறந்த பச்சிளங் குழந்தையின் தலையிற் சுமத்துவது எந்தச் சாத்திரத்துக்கு அடுக்கும்? முப்பது ஆண்டுகளில் 163 அறுபதாக இறங்கியதென்றால், மாறியது குழந்தைகளின் ஊழன்று, பெரியவர்களின் செய்கையே.

நம் சங்கத்து இளைஞர்களுக்கு ஒரு சிறு வேண்டுகோள். அடுத்த முறை பாட்டியாரோடு திண்ணையில் இருக்கும்போது, தங்கிய பிள்ளைகளைப் பற்றி மட்டுமன்றித் தங்காத பிள்ளைகளைப் பற்றியும் கேளுங்கள். பெயர் தெரிந்தால் பெயரையும், நோய் தெரிந்தால் நோயையும், கிணறும் ஆஸ்பத்திரியும் எவ்வளவு தொலைவில் இருந்தன என்பதையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். மலைநாட்டிலிருந்து வந்து நம்மோடு பயிலும் தோழர்களிடமும் அவ்வாறே கேளுங்கள். வில்லியம் பார் செய்த வேலையின் ஒரு துளியாவது அது.

நாமும் இம்முறை விடுமுறையில் வீடு சென்றபோது பாட்டியாரிடம் மீண்டும் கேட்டோம். நெடுநேரம் பேசாதிருந்தார். பின்பு, "மூத்தது பெட்டை. நல்லாய்ச் சிரிக்குமாம், ஆச்சி சொல்லுவா" என்றார். அவ்வளவே. பெயர் அவருக்கும் தெரியாது. ஆயினும் ஐவருள் ஒருத்தி இப்பொழுது எங்கள் கொப்பியில் இருக்கின்றாள்.